மூலை மேசையும் அப்பாவின் முழங்காலும்

என் அன்பு வாயாடிக்கு, அம்மா எழுதுவது. நீ நன்றாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய், தலையைத் துவட்டிவிட்டுத்தான் வெளியே போவாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் நலம், தையல் மெஷின் நலம், உன் அப்பாவின் வாய் ரொம்ப நலம். அவருடைய இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். எங்கே சொல்வது, போன் அடித்தால் பாய்ந்து எடுப்பவர் அவர், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார், நான் முழங்கால் என்று வாயெடுத்தால் போதும், மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பார். அந்த மிதிக்கு மட்டும் அந்தக் கால் எப்படித்தான் வளைந்து கொடுக்கிறதோ. இன்று சனிக்கிழமை, சாப்பாட்டுக் கடைக்குப் போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும், அதனால் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எல்லாம் நீ எழுதினாயே, எங்கள் நகரத்தில் எனக்குப் பிடித்த இடங்கள் என்று ஒரு கட்டுரை, அதனால் வந்த வினை. எங்கே சாப்பிடுவது, எங்கே துணி வாங்குவது, எங்கே ஏறி நின்று வேடிக்கை பார்ப்பது என்று ஒன்றுவிடாமல் எழுதி இணையத்தில் போட்டாய். மேல்வீட்டு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க இறங்கி வந்து படித்துக் காட்டியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். டீச்சர் படிக்கப் படிக்க உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அதோடு முடிந்திருந்தால் தேவலை. அதை ஊர் உலகமெல்லாம் படித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வரும் என்று நாங்கள் கனவா கண்டோம்? எழுதினதுதான் எழுதினாய், கொஞ்சம் யோசித்து எழுதக்கூடாதா? எங்களுக்கென்று இருந்ததே நாலு நல்ல இடம், அதையும் இப்படியா தம்பட்டம் அடிப்பாய்?

பாலத்துக்குக் கீழே இருக்கிற பொத்தான் கடையை எடுத்துக்கொள். கடையின் பின்பக்கம் ஏணிக்கு அடியில் கட்பீஸ் பெட்டி இருப்பது எனக்கும் என்னை மாதிரி இரண்டு மூன்று தையல்காரிகளுக்கும்தான் தெரியும், புதன்கிழமை காலையில் புதுச்சரக்கு கொட்டுவார்கள், கோட்டுக்கு உள்துணி போடுவதற்கு வழவழவென்று நல்ல துண்டாகப் பொறுக்கி எடுத்து வருவேன். நீ கிழமை முதற்கொண்டு எழுதிவிட்டாய். இப்போது நான் போவதற்குள் பெட்டி காலி, அடியில் ரப்பர் நாடாவும் தூசியும்தான் கிடக்கிறது. போன வாரம் நான் கைவைத்த துணியை ஒருத்தி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள், எதற்கம்மா இது என்று கேட்டால் பூனைக்கு மெத்தை தைக்கவாம். என் வயிறு எரிந்தது. அதைக்கூட மன்னிப்பேன், அந்த இடத்தில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று எடுத்துப் பார். எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரம்மா காட்டிய கடையாம். ஒரு தையல்காரம்மா! உன்னுடைய பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து நீ விமானம் ஏறியபோது போட்டிருந்த கோட்டு வரைக்கும் தைத்துக் கொடுத்தவள் உனக்குத் தெரிந்த ஒரு தையல்காரம்மாவாகிவிட்டாள். அப்பாவை மட்டும் அப்பா என்று எழுத வந்திருக்கிறது. சரி, இருக்கட்டும்.

பஸ் டிப்போ மொட்டைமாடியை என்னவென்று நினைத்து எழுதினாய்? நகரம் முழுவதையும் காசில்லாமல் பார்க்கலாம், காவலாளியிடம் சிரித்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். அடி அசடே, அப்பா அங்கே டிரைவராக இருந்தார், காவலாளி அவருடைய கூட்டாளி, அதனால் உன்னைத் தோளில் வைத்து மேலே ஏற்றி விளக்கெல்லாம் காட்டினார்கள். அது டயரும் தண்ணீர்த் தொட்டியும் கிடக்கிற இடம். இப்போது யார் யாரோ வாசலில் வந்து நின்று காவலாளியைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். அவர் மிரண்டுபோய் மேனேஜரைக் கூப்பிட, மேனேஜர் அப்பாவைக் கூப்பிட, நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். இன்னொரு பக்கம் உன் சித்தி. அவளுடைய முடிவெட்டும் கடையைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், என் தலைமுடியைக்கூட வேண்டாவெறுப்பாக வெட்டிவிட்டாள், ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கிறது. எழுதினாலும் தொல்லை, எழுதாவிட்டாலும் தொல்லை.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை அந்தச் சாப்பாட்டுக் கடை. நீ என்ன எழுதினாய்? சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மூலை மேசை, சனிக்கிழமை மதியம் அங்கே பழுப்புத் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவர் என் அப்பா, என்ன சாப்பிடலாம், அப்புறம் எங்கே போகலாம் என்று அவரையே கேளுங்கள், சொல்வார். யாரடி உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது? பாலத்தையும் பூங்காவையும் எழுதுவார்கள், பெற்ற அப்பனையுமா பார்க்க வேண்டிய இடத்தில் சேர்த்து எழுதுவார்கள்? அவருக்கு அன்று பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். தொப்பியைத் துவைத்துப் போடு என்கிறார், சட்டைக்கு இஸ்திரி போடு என்கிறார், கடை திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் போய் நிற்கிறார். வருகிறவர்கள் எல்லோரிடமும் இந்தக் கடையப் பத்தி உங்களுக்கு யாருங்க சொன்னது என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்கிறார். அவர்கள் உன் பெயரைச் சொல்லியதும் அது என் மகதான் என்கிறார். ஒவ்வொருவரிடமும் இதே கதை. கடைக்காரருக்கு என்ன, கல்லா நிறைகிறது, இப்போதெல்லாம் சூப்பில் மீனைத் துழாவித் தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சூப்புக்கு ஏதோ ரகசிய ருசி என்று எழுதியிருக்கிறாயே, ரகசியமும் இல்லை மண்ணும் இல்லை, சமையல்காரர் பேச்சு சுவாரசியத்தில் அடிப்பிடிக்க விட்டுவிடுவார், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. கிளச்சை மிதித்து மிதித்துத் தேய்ந்த அந்த முழங்காலுக்கு ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று எலும்பு டாக்டர் தேதி கொடுத்தார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என்னைக் கட்டிப்போட்டுவிட்டார். தேதி நெருங்கியபோது ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளிவைத்துவிட்டார்கள் என்றார், நானும் நம்பினேன். மறுபடி ஒரு தேதி, மறுபடியும் தள்ளிப்போனது. என்னடா இது என்று நானே நேரில் போனால், டாக்டர் என்னைப் பார்த்ததும் உங்க காய்ச்சல் இப்ப எப்படிம்மா இருக்கு என்று விசாரிக்கிறார். எனக்கு என்ன காய்ச்சல்? இந்த மனிதர் தானே போன் போட்டு, முதல் தடவை எனக்குக் கடும் காய்ச்சல் என்றும், அடுத்த தடவை எனக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார். கல் மாதிரி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறவளைப் படுக்கையில் போட்டுவிட்டார். டாக்டர் என்னிடம் உடைத்தே சொல்லிவிட்டார், இன்னொரு தடவை தள்ளிப்போட்டா மூட்டு அப்படியே இறுகிடும்மா, அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் நடப்பார்னு நான் உறுதி சொல்ல முடியாது என்று. நம் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, நடக்க முடியாமல் போனால் இந்த ஜன்னலோடு அவர் வாழ்க்கை முடிந்தது. இப்போதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகத்தான் இறங்குகிறார், யாராவது எதிரே வந்தால் மட்டும் நிமிர்ந்து நின்றுகொள்கிறார்.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. போன சனிக்கிழமை மழையில் குடையை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கடைக்கே போனேன், எல்லார் எதிரிலும் கிழித்துவிடுவது என்றுதான் போனேன். போனால் மூலை மேசையில் யாரோ ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கைக்குழந்தையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், உன் அப்பா சுவரில் முதுகைச் சாய்த்து ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறார். உக்காருங்க உக்காருங்க, குழந்தை வெச்சிருக்கீங்க, நான் நின்னே பழகினவன் என்கிறார். வேலைக்குப் போன நாளெல்லாம் உட்கார்ந்து பஸ் ஓட்டினவர், நின்றே பழகினவராம்! பின்னால் போய் நின்றுகொண்டு வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, அவர்கள் நீ இருக்கிற ஊரிலிருந்து வந்தவர்கள். அப்பா அவர்களிடம் சூப்பைப் பற்றியும் பேசவில்லை, பொத்தான் கடையைப் பற்றியும் பேசவில்லை. அங்க இருட்டினப்புறம் தெருவிளக்கெல்லாம் ஒழுங்கா எரியுமாங்க, ராத்திரி ரயில்ல கூட்டம் இருக்குமா இல்ல காலியாக் கிடக்குமா, ஒரு பொண்ணு தனியா ஸ்டேஷன்லேருந்து வீட்டுக்கு நடந்து போறதுன்னா பயமில்லையே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, விளக்கு நல்லா எரியும், ஆள் நடமாட்டம் இருந்துகிட்டே இருக்கும், கவலைப்படாதீங்க என்று பொறுமையாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். உன்னிடம் கேட்டால் எல்லாம் நல்லா இருக்குப்பா, வெச்சிடட்டுமா என்கிறாய். அதை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வார்?

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்த கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை, ஆனால் எனக்கு அதை வேறு மாதிரி காட்டத் தெரியாதே, சட்டைப் பொத்தானைக் கூடச் சரியாகப் போடாமல் நாலு பேர் முன்னால் நிற்கிறீர்களே என்று ஒரு அதட்டல் போட்டு இழுத்து வந்தேன். மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றபோதுதான் அவரே வாயைத் திறந்தார், நான் போய்ப் படுத்துட்டா, அந்தப் புள்ளை எழுதினதை நம்பி வர்றவங்க யாரைப் போய்க் கேப்பாங்க, பாவம் என்று. நான் போய் உட்காருகிறேன் என்றேன். நீ உக்காந்தா வந்தவங்க பாதிச் சூப்புல எழுந்து ஓடிடுவாங்க என்கிறார். பரிமாறுகிற நெட்டையரைச் சொல்லச் சொல்வோம் என்றேன், அவருக்கு வேற என்ன வேணும் என்பதைத் தவிர வேறு பேச்சே வராது என்கிறார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் என்னைக் கேட்காதே.

அந்தக் கட்டுரையை உடனே அழித்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும், அழித்துவிட்டால் அவர் யாரிடம் போய்த் தெருவிளக்கைப் பற்றிக் கேட்பார்? அதற்குப் பதிலாக ஒன்று செய். டாக்டர் அடுத்த மாதம் இரண்டாவது திங்கட்கிழமை என்று மறுபடி தேதி கொடுத்திருக்கிறார், இனி உன் அப்பா போன் செய்தால் எடுக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீ அதற்கு முன்னால் கிளம்பி வா. லீவு கிடைக்காது, வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று ஆரம்பிக்காதே, அதையெல்லாம் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அவர் படுத்திருக்கிற சனிக்கிழமைகளில் நீ போய் அந்த மூலை மேசையில் உட்கார். வருகிறவர்களுக்கு என்ன சாப்பிடலாம் என்று நீயே சொல், டிப்போ பக்கம் போகாதீர்கள் என்றும் சொல். சாயங்காலம் வந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் ஊர்த் தெருவிளக்கு எரிகிறதா இல்லையா என்று உன் வாயால் சொல். நீ எழுதினதைப் படித்துவிட்டு முன்பின் தெரியாதவர்களெல்லாம் வருகிறார்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், எழுதினவள் மட்டும் வரவில்லை.

கீழே அவருடைய கைத்தடி சத்தம் கேட்கிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்கிறார். உன் ஊரிலிருந்து யாராவது வந்திருந்தால் பாடிக்கொண்டே ஏறுவார், இன்று பாட்டைக் காணோம். கேட்டால் துணி அளவு எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன், நீயும் வாயை மூடிக்கொண்டிரு. நோய்நொடி இல்லாமல், மனதில் குறையில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எங்களுக்கு வேறு ஆசை இல்லை. வரும்போது அந்தப் பழைய கோட்டை மறக்காமல் எடுத்து வா, போட்டோவில் பார்த்தேன், கழுத்துப் பக்கம் ஒரு பொத்தானைக் காணோம், உள்துணியும் கிழிந்துதான் இருக்கும். புதன்கிழமை கடை திறக்கும் முன்பே போய், அந்தப் பூனைக்காரியைத் தள்ளிவிட்டாவது நல்ல துண்டாக எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உனக்குத் தெரிந்த ஒரு தையல்காரம்மா