வேலை செய்த இடம்: மெட்ராஸ்

12.4.1983, செவ்வாய்

இன்று வருமான வரி அலுவலகத்துக்குத் தனியாகவே போனேன். இவருக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

கல்யாணமாகி இங்கே சிங்கப்பூருக்கு வந்த பிறகும், மெட்ராஸில் நான் வேலை பார்த்த அச்சகம் தபாலில் புரூஃப் அனுப்புகிறது. ஃபேரர் பார்க் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத் திருத்தி அனுப்புகிறேன். சம்பளம் அங்கேயே அம்மா கைக்குப் போகிறது. இதற்கு இங்கே எதற்கு வரி?

கவுண்டரில் இருந்தது தமிழ்ப்பெண்தான். படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.

“வேலை செஞ்ச இடம்னு கேட்டிருக்கு. மெட்ராஸ்னு போட்டிருக்கீங்களே அக்கா?”

“அந்த வேலை அங்கதானே?”

“காசு எங்கேருந்து வருதுன்னு கேக்கல லா. நீங்க எங்க உக்காந்து செஞ்சீங்க?”

புரூஃபைப் பிரித்ததும் அச்சு மை வாசனை வரும். மிஷின் சத்தம்கூடக் கேட்கும். ஜன்னலோரத்து என் பழைய நாற்காலியில்தான் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தேன். அதை இவளிடம் எப்படிச் சொல்வது?

“இங்கதான்” என்றேன்.

மெட்ராஸை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே சிங்கப்பூர் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

அடித்த சொல் அப்படியே இருக்கட்டும் என்றால், எங்கள் தொழிலில் அதன் கீழே புள்ளி வைப்போம். கையெழுத்துப் போட்ட கையோடு மெட்ராஸின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்துவிட்டேன்.

“என்னக்கா இது, புள்ளி புள்ளியா?”

“பேனா ஒழுகுது” என்றேன்.