சூரனுக்குச் சீருடை போடவில்லை

டோர்செட் பார்க்,
ரொறன்ரோ.
16.11.1997

அன்புள்ள கனகாம்பிகை அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இரண்டு மாதம் சுற்றி, ஒட்டு விட்ட உறையோடு போன கிழமை வந்தது. நீங்களும் மகள் லக்ஷிகாவும் சுகம் என்று வாசித்த பிறகுதான் தேத்தண்ணி தொண்டையில் இறங்கியது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நான் சுகம்.

அக்கா, நான் வென்றுவிட்டேன். உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சூரன்போர் நாடகம் பழக்குவது என் பொறுப்பு. வகுப்பை நடத்தும் சங்கத்தின் தலைவர் விநாயகமூர்த்தி அண்ணை சூரனுக்கு இலங்கை ஆமிச் சீருடை, முருகன் படைக்கு வேலுக்குப் பதிலாக மரத் துவக்கு என்று திட்டம் போட்டிருந்தார். பிள்ளைகள் எங்கட சண்டையை அறியவேணும் என்றார். மாட்டேன் என்றேன். அப்படியென்றால் வேறு ஆள் பார்க்கிறோம் என்றார்.

நான் பின்னேரங்களில் கார்ட்டூன் கீறப் படிக்கிறேன் அல்லவா? அங்கே யப்பான்காரரின் பழைய படம் ஒன்று காட்டினார்கள். பீச் பழத்துக்குள் பிறந்த பையன் நாய், குரங்கு, ஒரு பறவையோடு போய்ப் பேய்த்தீவை வெல்வது அவர்களுடைய நாட்டுக் கதை. உலக யுத்தத்தில் அதே பையனைத் தளபதியாக்கி, பேய்களுக்கு எதிரியின் முகம் வைத்து, சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த வீடியோக் கொப்பியை இரவல் வாங்கி வகுப்பில் போட்டேன். அண்ணை கதவடியில் நின்று பார்த்தார். பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் பேய்களின் கப்பல்கள் குண்டு பட்டுத் தாழ, எழும்பி நின்று கைதட்டினார்கள். அண்ணையின் ஒன்பது வயது மகள் தனுஷிகா திரும்பி, "அப்பா, நானும் சண்டைக்குப் போகலாமோ?" என்று கேட்டாள்.

 அண்ணை தானே போய் டிவியை நிற்பாட்டினார். பிறகு என்னிடம் மெல்ல, "உம்மட விருப்பப்படி செய்யும், தங்கச்சி" என்றார்.

நேற்று மேடையேற்றினோம். சீருடை இல்லை, துவக்கு இல்லை. சூரன் மாமரமாகி, மரம் பிளந்து மயிலும் சேவலுமாய் வெளிவந்தபோது மண்டபமே எழும்பி நின்றது. மயிலாக ஆடினது தனுஷிகாதான். முருகன் அவளை அணைத்த இடத்தில் அண்ணை கண்ணைத் துடைத்ததைக் கண்டேன். இவ்வளவு சந்தோசம் இந்த நாட்டுக்கு வந்தபிறகு எனக்கு வந்ததில்லை.

லக்ஷிகாவுக்கு வாற மாதம் பதினாலு வயது. அங்கே பெடியள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை நாடகம் போடுகிறார்கள், அவள் விருப்பமாய்ப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். தனுஷிகா கேட்ட கேள்வியை அவளும் கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கொழும்பில் இராஜரட்ணம் மாமா வீட்டில் அவளுக்கு இடம் கேட்டுவிட்டேன், ஓம் என்றார். பொங்கல் வரை பார்க்காமல் அனுப்பிவிடுங்கோ. ஆர் கேட்டாலும் படிப்புக்கு என்று மட்டும் சொல்லுங்கோ. முருகன் துணை இருப்பான், அக்கா.

உங்கள் அன்புத் தங்கை,
அருள்மலர்