வாசலில் சொல்லாமல் போன வார்த்தை

அன்பு மகள் கொதோமிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நம் சலூன் கத்திரியும் சௌக்கியம், நம் ஊர் ஹிமியில் பனி விட்டு மழை பிடித்துக்கொண்டது, துவைத்த துண்டு ஒன்றும் காய்வதில்லை. டோக்கியோவில் நீ சாப்பிடுகிறாயா தூங்குகிறாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். போனை எடுத்தால் அவளே கேட்பாள், நீதான் எடுப்பதில்லையே. நீ நடிக்கிற டிவி நாடகத்தின் கடைசி வாரம் இன்னும் எடுத்து முடியவில்லை, படப்பிடிப்பு இல்லாத நாளில் கொதோமி அறையை விட்டு வெளியே வருவதே இல்லை என்று உன் தோழி சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் நாடகத்தைப் பதிவு செய்து காலையில் சலூன் டிவியில் போடுகிறேன். முதல் வாரம் பெருமைக்குப் போட்டேன், மகள் நடிப்பதை ஊருக்குக் காட்டாமல் இருப்பேனா. இரண்டாம் வாரமே என் மகளைக் காணோம். அங்கே இசோபே என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்தான் இருந்தாள், அம்மா செத்து, அப்பன் வீடு தங்காமல், வகுப்பே திருடி என்று ஒதுக்கிவைத்த பெண். உயிரோடு இருக்கிறவள் மேசையில், செத்தவர்களுக்கு வைப்பதுபோல் சாடியில் வெள்ளைச் சாமந்தி வைத்தார்களே, எனக்கு ரத்தம் கொதித்தது. சாடியைப் போட்டு உடைக்கப்போகிறாய் என்று பார்த்தால், எடுத்துப் போய்த் தண்ணீர் மாற்றி, வாடிய இலையைக் கிள்ளிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வைத்தாயே. வீட்டுத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற உன்னிடம் தொண்டை கிழியக் கத்த வேண்டும், உனக்குள் இது எங்கே இருந்தது? பெற்றவனுக்கே தெரியாமல் இவ்வளவு பெரிய ஆளை எப்படி ஒளித்து வைத்திருந்தாய்? வியப்பாக இருக்கிறது மகளே, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

இன்னொன்று உனக்குத் தெரியாது. இசோபே தினமும் ஆளில்லாத வீட்டைப் பார்த்து, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தானே கிளம்புவாள். குரல் உன்னுடையதாயிற்றே, கடைக்குப் பின்னால் அடுப்படியில் இருக்கிற உன் அம்மா யோசிக்காமல், பாத்துப் போயிட்டு வா என்று பதில் சொல்லிவிடுவாள். ஒவ்வொரு வாரமும் இதே கதை. படகுக்கார ஹமதானி, உன் பொண்டாட்டி டிவியோட குடும்பம் நடத்துறாப்பா என்று கேலி செய்வார்.

இந்த வாரமும் நாற்காலியில் அவர்தான், முகம் முழுக்க நுரை. இசோபே பையை எடுக்காமல் ஷூவை மட்டும் மாட்டினாள், கதவைத் திறந்தாள், வாயையும் திறந்தாள். சொல்லவில்லை. அப்படியே போய்விட்டாள். அதைச் சொல்லாமல் போகிறவள் திரும்பி வரப்போவதில்லை என்று இங்கே யாருக்கு விளக்க வேண்டும். அவர் கன்னத்திலிருந்து கத்தியை எடுத்துக் கீழே வைத்தேன். அம்மா ஈரக் கையோடு அடுப்படி வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேலி செய்கிற ஹமதானிதான் நுரையோடு எழுந்து, ஏ பொண்ணே, சொல்லிட்டுப் போம்மா என்று டிவியைப் பார்த்துக் கத்தினார்.

ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டே ஆட்களை எழுப்பி நிறுத்திவிட்டாய், பெரிய நடிப்புத்தான். ஆனால் புத்தாண்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பியபோது நீயும் ரயிலடியில் கையை மட்டும் ஆட்டினாய். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன், இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. இசோபேயின் முடிவு கதை எழுதுகிறவர்கள் பாடு, அவளை அங்கேயே விட்டுவிட்டு வா, உன் அறைக்குக் கூட்டிப்போகாதே. அம்மா அனுப்பிய மத்திக் கருவாட்டைச் சுட்டுச் சூடாகச் சோறு சாப்பிடு.

அன்றிலிருந்து காலையில் பாத்திரம் கழுவும்போது, டிவி ஓடாமலே, அம்மா பாத்துப் போயிட்டு வா என்கிறாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

நோய்நொடி இல்லாமல் நல்ல பேரோடு நீண்ட நாள் இரு. மறக்காமல் நாளைக் காலை போன் செய். வேறெதுவும் பேச வேண்டாம், கதவைப் பூட்டும்போது போயிட்டு வரேன் என்று மட்டும் சொல். அம்மா அடுப்படியில்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
உனக்கு முதல் முடி வெட்டிய அப்பா