மாடி வாடகை போன இடம்

1983 ஆகஸ்ட் 9, செவ்வாய்

பேங்கிலிருந்து கடிதம் வந்தது. மாதாமாதம் வரும் கணக்குத் தாள் இல்லை. அதிகாரி கையெழுத்துப் போட்ட கடிதம். கணக்கில் இருப்பதற்கு மேல் முந்நூற்றுப் பதினெட்டு வெள்ளி நாற்பத்தைந்து காசு எடுத்திருக்கிறோமாம். இல்லாத பணத்துக்குச் செக் கொடுத்ததற்காக, செக் ஒன்றுக்குப் பதினைந்து வெள்ளி கட்டணம். நான்கு செக். அதற்கு மேல் வட்டி. இனி ஒரு செக் வந்தாலும் திருப்பிவிடுவார்களாம்.

வட்டி! இந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொல்வதில்லை. வட்டி வாங்கவும் கூடாது கொடுக்கவும் கூடாது என்றுதான் இவர் நடப்புக் கணக்கு மட்டும் வைத்திருக்கிறார். பினாங்கில் எங்கள் கைலிக் கடை அவர் பொறுப்பு, பேங்குக் காகிதம் என் பொறுப்பு. கான்வென்டில் மூன்றாம் படிவம் வரை படித்தவள் என்று கல்யாணமான மறுமாதமே அந்தக் காகிதங்களை என் கையில் கொடுத்துவிட்டார். அதில் எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

கடிதத்தைத் தையல் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 10

தபால் ஏதாவது வந்ததா என்று கேட்டார். கரண்டு பில் என்றேன். இருபத்தாறு வருஷத்தில் இவரிடம் நான் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இன்று ஒன்று கூடிவிட்டது.

ஆகஸ்ட் 12, வெள்ளி

அவர் ஜும்ஆவுக்குப் போனதும் கணக்குத் தாள்களை எல்லாம் தரையில் பரப்பினேன். ஜனவரியிலிருந்து வந்தவை. நான் எப்போதும் கடைசி வரியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். பெருநாள் சரக்கு எடுத்ததால் பணம் குறைகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்று வரி வரியாகப் படித்தேன். இவர் போடும் கடைப் பணம் எல்லாம் இருக்கிறது. மாடியில் குடியிருப்பவர்களிடம் வாங்கி நான் போடும் வாடகை மட்டும் இல்லை.

மாதம் நூற்றைம்பது. முதல் வாரம் தவறாமல் நானே குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் கட்டினேன். முத்திரை குத்திய அடிக்கட்டைகள் எட்டும் கையில் இருக்கின்றன. ஆனால் தாளில் ஒரு மாதம்கூட இல்லை. ஆயிரத்து இருநூறு வெள்ளி எங்கே போச்சு?

இவரிடம் சொன்னால் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "அவனுக்கு அனுப்பினியா?"

அவன் என்றால் எங்கள் மகன். போன வருஷம் ஜூனில், கடைக்கு வரமாட்டேன், மெஷின் வேலைதான் கற்பேன் என்று நின்றான். இனி என் வாசற்படி மிதிக்காதே என்றார் இவர். ஜோகூருக்குப் போய்விட்டான். என் தங்கை சலேஹா அங்கே இருப்பதால் உயிரோடு இருக்கிறான் என்றாவது தெரிகிறது. அவனுக்குக் காசு அனுப்பக் கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் அனுப்பவில்லை. பெற்றவள் ஒரு வெள்ளிகூட அனுப்பவில்லை. பயந்தாங்கொள்ளி!

ஆனால் அதை யார் நம்புவார்கள்?

ஆகஸ்ட் 16, செவ்வாய்

தங்கையின் சிநேகிதிக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டு ஃபெர்ரி ஏறினேன். பட்டர்வொர்த்தில் ஆனந்தராஜா தம்பி இருக்கிறார். பத்து வருஷம் எங்கள் கிளையில் கவுண்டரில் இருந்தவர்; டிசம்பரில் அங்கே மாற்றிவிட்டார்கள். தெரியாத பேங்க்காரனிடம் கேட்பதற்குப் பதில் தெரிந்தவரிடம் கேட்கலாம் என்று போனேன். வழியெல்லாம் கடலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடிக்கட்டைகளைப் புரட்டினார். "அக்கா, அக்கவுண்ட் நம்பரே எழுதலையே?"

"நீங்கதானே எழுதுவீங்க, தம்பி."

அவர் முகம் மாறிவிட்டது. உண்மைதான். நான் சீட்டில் பெயரும் தொகையும் எழுதி நீட்டுவேன், அவர் பார்த்துச் சிரித்துவிட்டு நம்பரை எழுதிக்கொள்வார். அவர் போனபின் ஒரு மலாய்ப் பெண் வந்தாள். அவளும் பேசாமல் நம்பர் எழுதினாள். எந்த நம்பர் என்று நான் பார்த்தேனா?

ஆனந்தராஜா நான் எழுதியிருந்த இவர் பெயரைச் சத்தமாகப் படித்தார். அப்துல் ஹமீது மீரா சாகிப். "நம்ம ஆளுங்க அப்பா பேரை முன்னால எழுதுவாங்க. எனக்கு இது மீரா சாகிப், அப்துல் ஹமீது மகன். மலாய்க்காரவங்க அப்பா பேரைப் பின்னால எழுதுவாங்க. அந்தப் பொண்ணு இதை எப்படிப் படிச்சிருக்கும்? அப்துல் ஹமீது, மீரா சாகிப் மகன். அப்படி ஒருத்தருக்கு அங்க அக்கவுண்ட் இருந்தா, காசு அங்கதான் போயிருக்கும் லா."

அப்படி ஒருத்தர்.

மாமனார் பெயரைத்தான் மகனுக்கு வைத்தோம். மகன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் முதல் சம்பளம் வாங்கியபோது, அதே கிளைக்கு நான்தான் கூட்டிப்போய் சேமிப்புக் கணக்கு திறந்தேன்.

யாராவது தெரிந்தவரா என்று ஆனந்தராஜா கேட்டார். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, வியாழன்

பேங்குக்குப் போகாமலும் இருக்க முடியவில்லை. இன்னொரு செக் வந்தால் இன்னொரு பதினைந்து வெள்ளி.

அதிகாரி காமாரியா நல்ல மனுஷி. தண்ணீர் கொடுத்தாள். கணக்கு அட்டைகளை எடுத்துப் பார்த்துவிட்டு, தவறு எங்களுடையதாகத்தான் தெரிகிறது என்று அவளே மலாயில் சொன்னாள். நிரூபணமானால் கட்டணம், வட்டி எல்லாம் ரத்து. ஆயிரத்து இருநூறும் திரும்பி வரும். அல்ஹம்துலில்லாஹ் என்று வாயில் வந்தது. பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கிலிருந்து பணம் முக்கால்வாசி எடுக்கப்பட்டுவிட்டதாம், ஜோகூர் கிளையில். அந்த ஆள் திருப்பிக் கட்ட வேண்டும். தன் பணம் இல்லை என்று தெரிந்தே செலவழித்திருந்தால் போலீஸ் விஷயம்.

புகார்ப் பாரத்தைத் தந்தாள். செப்டம்பர் மூன்றாம் தேதிக்குள் இவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டாள், இந்த ஆளைத் தெரியுமா என்று.

தெரியாது என்றேன்.

வெளியே வந்து பெக்கா ரிக்‌ஷாக்கள் நிற்கும் இடம் வரை நடந்த பிறகுதான் உறைத்தது. அவன் அட்டையில் எங்கள் வீட்டு முகவரிதானே இருக்கும்? அவள் இந்நேரம் பார்த்திருப்பாளா?

ஆகஸ்ட் 19

பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொன்ன வாய் இன்றைக்கும் சோறு தின்றது.

ஆகஸ்ட் 20, சனி

சலேஹா விலாசத்துக்கு அவனுக்கு எழுதினேன். என்ன எழுதுவது? திருடினாயா என்றா? ‘உன் கணக்கில் பணம் ஏதும் வந்ததா, தெரியப்படுத்தவும்’ என்று மட்டும் எழுதினேன். தபால் பெட்டிக்குள் போட்டபின் கையை உள்ளே விட்டு எடுக்க முடிந்தால் எடுத்திருப்பேன்.

ஆகஸ்ட் 25

இரண்டு வளையலை அடகு வைத்துப் பணத்தைக் கணக்கில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். அடகுக்கடையிலும் வட்டிதான். புலிக்குப் பயந்து முதலை வாயில் விழுந்த கதை.

வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் போலீஸ் என்று தோன்றுகிறது. இன்று வந்தவர் பேப்பர்க்காரர். இவர் என்னைப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

ஹமீதின் கடிதம். பதினான்கு மாதத்தில் முதல் கடிதம். நான்கைந்து தடவை படித்துவிட்டேன். எனக்குத் திரும்பத் திரும்ப வேண்டும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்:

‘பிப்ரவரியில்தான் பேங்குப் புத்தகத்தைப் பதியக் கொடுத்துப் பார்த்தேன் அம்மா. ரெண்டு மாதமும் நூற்றைம்பது. பினாங்கில் கட்டியது. அத்தாவைத் தவிர வேறு யார்? அத்தா வாயால் சொல்ல மாட்டார், அது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் ஏர்கான் ரிப்பேர் கோர்ஸில் சேர்ந்தேன். ஃபீஸ் முழுக்க அதிலேதான். ஒரு வெள்ளி வீணாக்கவில்லை. நன்றி சொல்ல மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.’

யா அல்லாஹ். இவனிடம் எதைச் சொல்வது? அது உங்க அத்தா இல்லைடா, பேங்குக்காரியின் தப்பு என்றா? பணத்தைத் திருப்பிக் கொடு என்றா?

பாரத்தில் கையெழுத்து வாங்கினால் பிள்ளை போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாங்காவிட்டால் வட்டி ஏறும். இரண்டுக்கும் முன்னால் இவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயம்.

செப்டம்பர் 1, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவரின் தட்டுக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் வைத்தேன் — பேங்குக் கடிதம், அடிக்கட்டைகள், பாரம், ஹமீதின் கடிதம். கரண்டு பில் பொய்யிலிருந்து தொடங்கி, காமாரியாவிடம் தெரியாது என்றது வரை நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும்.

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, தமிழில் இருந்த அந்த ஒரு கடிதத்தை மட்டும் எடுத்தார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அவன் அப்படியா நெனச்சுக்கிட்டிருக்கான்?"

அவ்வளவுதான். சோறு பாதி அப்படியே இருந்தது. கடைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 2

திட்டினாலும் தேவலை.

செப்டம்பர் 3, சனி

கடைசி நாள். காலையில், கிளம்பு என்றார். பாரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று கேட்க நா எழவில்லை. சூலியா தெரு முழுக்க அவர் முன்னால், நான் நாலடி பின்னால். ஹமீதை இன்றோடு இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பேங்குப் படியில் நின்றுவிட்டார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. என்ன என்று கேட்டேன்.

"நிய்யத்து வச்சேன், மனசுல முடிவு பண்ணிக்கிட்டேன். இந்த நிமிஷத்துலேருந்து அது நான் அவனுக்குக் குடுத்த காசு. உள்ள போயி நான் பொய் சொன்னதா ஆயிடக் கூடாதுல்ல."

எனக்கு ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனேன். காமாரியா எங்களை உட்கார வைத்தாள். இவர் பாரத்தை மேசையில் வைத்தார். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. இந்த அப்துல் ஹமீதைத் தெரியுமா என்று அவள் இவரிடமும் கேட்டாள்.

"என் மகன். காசு சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு. புகார் இல்லே."

மலாயில் சொன்னார், நிதானமாக. காமாரியா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். முகவரியை அவள் அன்றைக்கே பார்த்திருக்கிறாள் போல, ஒன்றும் கேட்கவில்லை. புகார் இல்லையென்றால் பேங்கின் தவறும் இல்லை, ஆகவே கட்டணத்தை ரத்து செய்ய வழியில்லை என்று வருத்தத்தோடு சொன்னாள். இன்றைய தேதிக்கு எல்லாம் சேர்த்து அறுபத்தேழு வெள்ளி நாற்பது காசு. அதில் எது என்ன என்று இவர் என்னைக் கேட்டார். இவ்வளவு கட்டணம், இவ்வளவு வட்டி என்று வாய் திறந்து சொன்னேன். அந்தச் சொல்லை இவர் முன்னால் சொன்னது இதுதான் முதல் தடவை.

கடைப் பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தார். இல்லாமல் போன ஆயிரத்து இருநூறுக்கும் சேர்த்துக் கணக்கை நேராக்க மூன்று மாதம் ஆகும் என்றார். வட்டி கட்டிய பாவத்துக்கு அல்லாஹ்விடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

செப்டம்பர் 5

ஹமீதுக்குப் பதில் எழுதினேன். ‘அத்தாவிடம் சொல்லிவிட்டேன். படிப்பை முடி.’ இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அக்டோபர் 4, செவ்வாய்

மாடிக்காரர்கள் நேற்று வாடகை கொடுத்தார்கள். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை, நீ போக வேண்டாம், நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். எனக்குப் பழைய பயம் மறுபடி பிடித்துக்கொண்டது. இனி பேங்கு விஷயத்தில் என்னை நம்ப மாட்டார் போலிருக்கிறது என்று நாள் முழுக்கப் புழுங்கினேன்.

சாயந்தரம் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் அடிக்கட்டை இருந்தது. இங்கிலீஷ் எழுத்தை யாரிடமோ கேட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார், கோணல்மாணலாக இருந்தது. பெயர் இருந்தது, நம்பரும் இருந்தது. நம்பர் எங்களுடையது இல்லை, ஹமீதினுடையது. தொகை நூற்றைம்பது இல்லை, இருநூறு.

சட்டையைத் துவைத்துக் காய வைத்து, அடிக்கட்டையைப் பழையபடி பையிலேயே வைத்துவிட்டேன். நான் பார்த்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.