மாதிரிக்குக் கொடுத்த எண்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம்தான். நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனை அணைத்துப் போட்டிருக்கிறேன். ஒரு வாரமாக ஏதோ மருத்துவமனையிலிருந்து செய்தி மேல் செய்தி. "ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவும்" என்கிறது. எனக்கு என்னடா நோய்? நான் பஸ் ஓட்டும்போது போன் விடாமல் கத்த, பின்னால் இருந்த ஒருவர், "எடுத்துப் பேசிடுங்கம்மா, நாங்க காத்திருக்கோம்" என்று கிண்டல் செய்கிறார். 'தவறான எண்' என்று பதில் போட்டாலும் யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. மருத்துவமனைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன் நீ. இதை எப்படி நிறுத்துவது?

உன் அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் புரிந்துவிட்டது. அது நான் செய்த கூத்து.

அந்த மருத்துவமனையில் எங்கள் கம்பெனியின் ஏஐ ஏஜென்ட், அதாவது தானே வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் புரோகிராம்தான் ஓடுகிறது. நர்ஸ் சொன்னால் போதும், உறவினருக்குச் செய்தி அனுப்புவது, நாள் குறிப்பது எல்லாம் அதுவே செய்யும். அந்த ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு உள்ள டூலை, அதாவது கருவியை, எப்படிப் பயன்படுத்துவது என்று அதற்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. செய்தி அனுப்பும் டூலின் குறிப்பில், போன் எண்ணை எப்படி எழுத வேண்டும் என்று காட்ட ஓர் உதாரணம் தேவைப்பட்டது. எனக்கு மனப்பாடமான ஒரே எண் உன்னுடையது. போட்டுவிட்டேன். நோயாளியின் பதிவில் எண்ணே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுத மறந்தேன். அது உதாரணத்தையே எடுத்துக்கொண்டு உனக்கு அனுப்பியிருக்கிறது. அனுப்பிய கையோடு 'உறவினருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று பதிவும் செய்துவிடும்.

உன் எண்ணை எடுத்துவிட்டேன். "எண் இல்லையென்றால் ஊகிக்காதே, அனுப்பாதே, நர்ஸிடம் கேள்" என்றும் சேர்த்துவிட்டேன். இனி வராது. வந்ததையெல்லாம் அழித்துவிடு அக்கா. யாரிடமும் மூச்சு விடாதே.

தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அழிக்கத்தான் திறந்தேன். மே 30 அன்று வந்தது கண்ணில் பட்டது: "உங்கள் அப்பா உங்களைக் கேட்கிறார். நிலைமை சரியில்லை. உடனே வரவும். ஆறாவது வார்டு." அன்றைக்கு டிப்போவில் வண்டியை விட்டபின் இதைப் பார்த்தேன். வழக்கம்போல் 'தவறான எண்' என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மனசு கேட்காமல் லீவு நாளில் அந்த வார்டுக்குப் போய், மே 30 அன்று பிள்ளையைக் கேட்ட பெரியவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். "அவர் அன்னிக்கே போயிட்டாரும்மா" என்றாள் நர்ஸ். "பொண்ணுக்குச் சொல்லியும் வரல. மெசேஜே வரலன்னு தினமும் வந்து கேக்கறா. கம்ப்யூட்டர்ல போயிருக்குன்னு காட்டுது. அவ அண்ணன்மாரே நம்பல. அதோ, கவுன்ட்டர்ல நிக்கிறாளே."

என் வயதுதான் இருக்கும். மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். போன் என் பைக்குள் இருந்தது. உன்னை நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். அந்த வெட்கம் என்னைத் தின்கிறது. நீ போய் உண்மையைச் சொல்.

அக்கா

ஜூன் 19

அக்கா,

உன் காலில் விழுகிறேன். அடுத்த மாதம் இவளுக்குப் பிரசவம். இந்த நேரத்தில் வேலை போனால் என்ன செய்வேன்? குறிப்பைத் திருத்தியாகிவிட்டது, இனி யாருக்கும் கெடுதல் இல்லை. அவள் வந்திருந்தாலும் அந்தப் பெரியவர் பிழைத்திருக்கமாட்டார். யாரோ ஒருத்திக்காகக் கூடப் பிறந்தவனை விட்டுவிடுவாயா?

தம்பி

ஜூன் 24

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெரியவர் பிழைத்திருக்கமாட்டார் என்ற இடத்தில் உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதை நீ எழுதியிருக்கக் கூடாது.

நேற்று அந்தப் பெரியவரின் மகளைப் பார்த்து, மே 30 செய்தியைத் திறந்து போனைக் கையில் கொடுத்தேன். படித்தாள். யார், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. "அப்பா என்னையக் கேட்டாரா?" என்றாள். அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லையாம். "நிஜமாவே என்னையத்தான் கேட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

முழுப் பூசணிக்காயை இனிச் சோற்றில் மறைக்க முடியாது. எனக்கு வந்த மற்றச் செய்திகளுக்கும் எங்கேயோ ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பதிவிலும் 'தெரிவிக்கப்பட்டது' என்றுதான் இருக்கும். அது பொய் என்று எடுத்துக் காட்ட உனக்குத்தான் தெரியும்.

வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளும் நானும் மருத்துவமனை அலுவலகத்துக்குப் போகிறோம். வாசலில் உனக்காகக் காத்திருப்பேன். நீ வந்து சொன்னால் உன் பக்கத்திலேயே நிற்பேன். வேலை போனால் நீங்கள் மூன்று பேரும் என்னோடு வந்து இருங்கள், இடம் இருக்கிறது. நீ வராவிட்டால் உன் பெயரை நான் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லவும் சொல்வேன். உன்னைக் காட்டிக்கொடுத்த அக்காவாக என்னை ஆக்கிவிடாதே.

அக்கா