கூடாரத்துக்கு வந்த தூக்குவாளி

ஜூன் 24, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். எடுத்துத் தரச் சொல்லக் கூச்சம், அப்படியே விட்டுவிட்டேன்.

ஷோரூமில் மீட்டிங். சென்னையிலிருந்து ரீஜினல் மேனேஜர், எங்கள் ஆர்.எம்., வந்திருந்தார். டிராக்டர் விற்பனை பற்றி மூச்சுவிடவில்லை, டெண்ட் அடித்துத் தங்குவதைப் பற்றியே பேச்சு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க பக்கம் கேம்பிங்குக்கு நிறைய இடம் இருக்கு சார், எல்லாம் நமக்குக் கைவசம்" என்று விட்டேன். இந்த ஜென்மத்தில் டெண்டுக்குள் படுத்ததில்லை. கல்யாணப் பந்தலுக்குக் கீழே படுத்ததோடு சரி.

"அப்ப ஜூலை முதல் சனிக்கிழமை நானும் வைஃபும் வர்றோம் பாண்டி. நீங்களும் வீட்டம்மாவோட வாங்க. லாட்ஜ் வேண்டாம், டெண்ட்தான்."

தவளை தன் வாயால் கெடும்.

ராத்திரி வீட்டில் சுமதியிடம் சொன்னேன். "உங்களுக்குக் கொசுவலை கட்டவே தெரியாதே" என்றாள்.

போன் செய்து கேட்க வேண்டியவை:
- கக்கூஸ் டெண்டுக்குள்ளா, வெளியிலா
- பாம்பு
- தலையணை தருவார்களா, கொண்டுபோகணுமா
- மழை வந்தால்?
- டெண்டை நாம் அடிக்கணுமா, அவர்கள் அடித்து வைப்பார்களா (முக்கியம்)

ஜூன் 26, வியாழன்

சாரல். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போன்.

மேகமலை என்று போட்டு ஓர் இடம். படத்தில் பனி மலை. நம் மேகமலையில் என்றைக்குப் பனிக்கட்டி உறைந்தது? சின்னமனூர் ஜீப் டிரைவர் ஒருவரிடம் விசாரித்தேன். "காட்டுக்குள்ள டெண்ட் போட விட மாட்டாக சார். எவனாச்சும் போட்டோவக் காட்டிப் பணத்தக் கேட்டா அனுப்பிராதீக." நல்ல மனுஷன்.

அடுத்தது கூடலூர் நம்பர். "ஒரு கொழப்பமும் இல்ல சாரே, சூப்பர் வியூ." எந்த ஊரில் என்று கேட்டால் மழுப்பல். கடைசியில் பார்த்தால் இடம் கேரளாவில், வாகமண். கூடலூரில் அவர் வீடு மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்றில் டெண்ட் உண்டு, பாத்ரூம் "இயற்கை முறை". ஆர்.எம். வீட்டு மேடத்தை அங்கே கூட்டிப்போனால் வேலை போய்விடும்.

கக்கூஸ் இருக்கிறதா என்று ஆறேழு பேரிடம் கேட்டாயிற்று. பக்கத்து சீட் பையன்கள் சிரிக்கிறார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

கிடைத்துவிட்டது. கிடைத்த இடம்தான் சரியில்லை.

ஓடைப்பட்டிக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டம். பந்தல்களுக்கு நடுவே டெண்ட், மோட்டார் ரூமை ஒட்டி நல்ல பாத்ரூம். பார்த்துக்கொள்பவர் ரபீக், உத்தமபாளையத்துக்காரர், பதில் எல்லாம் நேராக இருக்கிறது. தலையணை தருவார்கள். டெண்ட் அடித்தே இருக்கும். "சாப்பாட்டுக்குக் கவலப்படாதீக சார். சமையலுக்குப் பக்கத்துல ஒரு அக்கா இருக்காக. கோழிக்குழம்பு அவுக வச்சா வேற எங்கயும் வாய் போகாது."

ஓடைப்பட்டியில் என் அக்கா இருக்கிறாள். ஒரே அக்கா.

அக்கா வீட்டுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது என்று ஆர்.எம்.மிடம் பெருமையடித்திருக்கிறேன். இருந்தது. மாமா பந்தலிலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு விற்றுவிட்டார்கள். இப்போது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. மாமா கட்டிலில். அக்கா திராட்சை வெட்டக் கூலிக்குப் போகிறாள். ஆர்.எம். "தோட்டத்தப் பாக்கலாமே பாண்டி" என்று கிளம்பினால்?

சுமதி: "சொந்த ஊருக்குள்ள போயி, மதினி வீடு இருக்கையில வாடகைக் கூடாரத்துல படுத்தா ஊரு என்ன பேசும்? அவுகளுக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் அக்காவே போன் செய்தாள். "சனிக்கிழம வாரியாடா? மாமா கேட்டுக்கிட்டே இருக்காக." மதுரையில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டேன். சுமதி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

முன்பணம் அனுப்பியாயிற்று.

ஜூலை 5, சனி

மேகம், மழை இல்லை. டார்ச், கொசு மருந்து, பெட்ஷீட், சுமதியின் ஸ்வெட்டர், எனக்கு மப்ளர். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். வராததும் நல்லதுதான், வழியில் அத்தை வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடிப்பாள்.

கிளம்புகிறோம்.

ஜூலை 6, ஞாயிறு

வீடு வந்து குளித்தாயிற்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

முதலில் சின்ன மானக்கேடு. டெண்ட் ஜிப் துணியைக் கவ்விக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. ஆர்.எம். வந்து இரண்டு விரலால் எடுத்துவிட்டார். "எல்லாம் கைவசம்னீங்களே பாண்டி!" சிரித்தார், நானும் சிரித்தேன். சரிவில் தலை வைத்துப் படுத்துப் பார்த்தேன், ரத்தமெல்லாம் முகத்துக்கு வந்தது. வெளியே வர முடியாமல் முட்டிபோட்டுப் பின்பக்கமாக வந்தேன். மேடம் போட்டோ எடுத்தார்.

இதெல்லாம் பரவாயில்லை.

பொழுது சாய்ந்த நேரம். டெண்டுக்கு முன் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தோம். பந்தல் ஓரமாகச் சாப்பாடு வந்தது. இடுப்பில் சோற்றுச் சட்டி, கையில் எவர்சில்வர் தூக்குவாளி. முகம் தெரிவதற்கு முன்னால் நடை தெரிந்துவிட்டது.

அக்கா.

சமைக்கப் போவதாக என்னிடம் அவள் சொன்னதே இல்லை. அவளுக்கும் என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும்.

சுமதி எழுந்தாள். அவள் கையைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தது நான். இதை எழுதாவிட்டால் மற்றதை எழுதி என்ன பயன்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஆர்.எம்.மைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். சட்டியை இறக்கி வைத்தாள்.

"வாங்க சார். சாப்பாடு சூடா இருக்கு, உக்காருங்க."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மேடம் தூக்குவாளியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். "பாண்டி, இதுல உங்க பேரு இருக்கு! கு. தங்கப்பாண்டி, தாய்மாமன் சீர். இனிஷியல்கூட அதேதான்!"

அக்காவின் மூத்த மகள் சடங்குக்கு நான் வைத்த சீர். கம்பத்தில் கடையில் நின்று, எழுத்து பெரிதாக வெட்டச் சொல்லி, அதற்காகக் கடைக்காரரோடு சண்டைகூடப் போட்டேன். எல்லாரும் படிக்கணும் என்று.

அக்கா இலை போட்டுக்கொண்டே சொன்னாள்: "இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு தங்கப்பாண்டி இருப்பாகம்மா. இது எந் தம்பி வச்ச சீரு."

"தம்பி என்ன பண்றார்?" இது ஆர்.எம்.

"பெரிய கம்பெனியில இருக்காக சார்."

"அடிக்கடி வருவாரா?"

"வேல ஜாஸ்தி. அவுகளுக்கு ஒழியாது."

எனக்குப் போய் 'அவுக'. என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள்.

ஈரல் துண்டு என் இலையில் விழுந்தது. எப்போதும் அப்படித்தான் போடுவாள். நான் சாப்பிட்டேன். அதுவும் எழுதணும், சாப்பிட்டேன். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்று கேட்டேன். அக்காவை நான் நீங்க என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஊற்றினாள்.

சுமதி தலைவலி என்று சொல்லி ஒரு வாயும் தொடவில்லை. டெண்டுக்குள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காற்று துணியை அடித்துக்கொண்டே இருந்தது.

காலை இட்லி ரபீக் பைக்கில் கொண்டுவந்தார். "அந்த அக்கா வரலையா?" என்று கேட்டேன். "மேலுக்குச் சொகமில்லன்னாக சார்." இட்லி, சட்னி, சாம்பார், எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில். தூக்குவாளி வரவில்லை. பேர் வெட்டின பாத்திரம் ஒன்றுகூட வரவில்லை.

திரும்பும்போது காரில் ஆர்.எம். கேட்டார், "உங்க அக்கா தோட்டம் இங்கதான எங்கயோ?" அந்தப் பக்கம் சார், ரோடு சரியில்லை என்றேன். அக்கா தெருமுனையைத் தாண்டும்போது குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். காற்று கொஞ்சம் குறைந்திருக்கிறது. கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. சுமதி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசிய ஒரே விஷயம் அதுதான்.

மத்தியானம் ஆர்.எம். மெசேஜ். அடுத்த மாதம் மதுரை டீம் முழுவதையும் அதே தோட்டத்துக்குக் கூட்டிவரப் போகிறாராம். "அந்தச் சமையல்கார அம்மா நம்பர் வாங்கி அனுப்புங்க பாண்டி. நேரா பேசிக்கிறேன். என்ன கைப்பக்குவம்!"

வாங்கி அனுப்புவதற்கு என்ன இருக்கிறது. போனில் "அக்கா" என்று முதலில் நிற்கிற நம்பர். அப்படியே அனுப்பினால் பேரும் சேர்ந்து போகும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேரை அழித்து "சமையல் ஓடைப்பட்டி" என்று மாற்றினேன். மாற்றினேன், ஆமாம்.

அனுப்புவதற்குள் டீ வந்தது. டீ குடிக்கையில் போன் அடித்தது. திரையில் "சமையல் ஓடைப்பட்டி". யாரடா இது என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. தீயை மிதித்த மாதிரி எழுந்து வெளியே ஓடினேன்.

"ஏலே, சுமதி ஸ்வெட்டர அந்த டெண்ட்லயே விட்டுட்டுப் போயிருச்சு. ரபீக்கு கொண்டாந்து குடுத்தாரு. தொவச்சுக் காயப்போட்டிருக்கேன்."

"அக்கா..." என்றேன்.

"அவுககிட்ட நான் யாருன்னு ஒண்ணும் சொல்லலடா. ரபீக்கும் சொல்ல மாட்டாரு. நீ பயப்படாத."

வைத்துவிட்டாள். ஷோரூம் வாசலில், புது டிராக்டர் டயரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். செக்யூரிட்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தூசி என்றேன். இவ்வளவு கேவலமானவனாக நான் எப்போது ஆனேன் என்று தெரியவில்லை.

"அக்கா" என்று திரும்ப மாற்றினேன். நம்பரை அனுப்பினேன். கீழே: "இது என் கூடப்பிறந்த அக்கா சார். தூக்குவாளியில் இருந்தது என் பேர்தான். தோட்டம் இப்போது இல்லை."

இரண்டு டிக். கொஞ்ச நேரத்தில் நீலம்.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் காட்டினேன். படித்தாள். "சாப்பிடுறீகளா?" என்று கேட்டாள்.

ஜூலை 9, புதன்

மறுபடியும் சாரல். வேட்டி இன்னும் முருங்கையில்தான், நனைகிறது.

ஆர்.எம். பதில், ஒரு வரி: "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாண்டி." அதற்குப் பதிலாக என்ன எழுதுவது.

சாயங்காலம் அக்காவுக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுத்தாள். என்னென்னவோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன், வந்தது இவ்வளவுதான்: "அக்கா, ஞாயித்துக்கிழம வாறோம். ராத்திரி வீட்லயே தங்குறோம்."

மாமா கட்டிலில் இருமுவது கேட்டது. அப்புறம் கேட்டாள்:

"எத்தன பேரு வர்றீக, சார்?"