எழுதித் தராத சாட்சி

இன்று காலை காந்திபுரத்தில் காரமடைக்கு பஸ் ஏறினேன். துடியலூர் தாண்டியதும் பக்கத்து இருக்கை அம்மா பையிலிருந்து வலித்தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்த்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். சிங்காநல்லூர் ஹாலில் வகுப்பு தொடங்குமுன் காலை நீட்டி உட்கார்ந்து, அதே தைலத்தை இரண்டு முட்டிகளிலும் சூடு பறக்கத் தேய்ப்பாய். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். இறங்கவில்லை.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். நீ பெங்களூருக்குப் போய் நவீன நடனம் கற்று, எத்தனையோ மேடைகளில் ஆடிவிட்டு, நாற்பதை நெருங்கும்போது கோயமுத்தூருக்கே திரும்பினாய். சிங்காநல்லூரில் மூடிப்போன மில் ஒன்றின் பஞ்சு குடோனை வாடகைக்குப் பிடித்து நடன ஹாலாக்கினாய்.

"ஆடறதுக்கு நானிருக்கறேன். ஆபீசப் பாத்துக்க நீ வா அம்மணி" என்றாய். வந்தேன். வீட்டில் யாருக்கும் நான் அவ்வளவாகத் தேவைப்படாத காலம் அது.

அங்கே நீ ஆடிய முதல் ஆட்டத்தில் சலங்கை இல்லை, பாட்டு இல்லை. ஸ்பின்னிங் மில்லில் அறுந்த நூலை இணைக்கும் பெண்ணின் கைகள் மட்டும். நின்ற இடத்திலேயே அந்தக் கைகளின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாய். கைகள் நின்ற பிறகும் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. காங்கேயத்திலிருந்து வந்திருந்த உன் அப்பா, "ஏனுங்க, இதுக்குப் பேரு டான்ஸுங்களா?" என்று என்னிடம் கேட்டார். அவருக்குப் பின்னால் பழைய மில் தொழிலாளி அம்மா ஒருவர், புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடுவதைவிட நீ அதிகம் போராடியது ஆட்டத்துக்கு வெளியேதான். எந்த ஹாலுக்குப் போனாலும் முதலில் பெண்கள் உடை மாற்றும் அறையைத்தான் பார்ப்பாய். "மேடை கெடக்குது. மொதல்ல கதவுக்குத் தாப்பா இருக்குதான்னு பாரு" என்பாய். பொழுது சாயுமுன் ஒத்திகை முடிய வேண்டும், பெண்களுக்கு பஸ் கிடைக்க வேண்டும். ஆடும் ஒவ்வொருத்திக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். புகார் செய்ய ஒரு குழு இருக்க வேண்டும். நாமும் பங்கெடுத்த நடன விழா ஒன்றின் கூட்டத்தில் யாரோ, "டான்ஸ் நடத்த வந்தீங்களா, யூனியன் நடத்த வந்தீங்களா மேடம்?" என்று கேட்டுச் சிரித்தார். "ரெண்டுந்தானுங்க" என்றாய். நீ சிரிக்கவில்லை.

அந்த விழாக்காரர்கள்தான் வெளியூரிலிருந்து பெயர்பெற்ற நடன ஆசிரியர் ஒருவரை நம் ஹாலுக்கு அனுப்பினார்கள். நம் காரமடைப் பெண்ணை உனக்கு நினைவிருக்கும். தோட்டவேலைக்குப் போகும் அம்மா, மகளை ஆட விட்டிருந்தார். ஒரு மதியம், நீ கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்த நேரம், அவளை மட்டும் இருக்கச் சொன்னார் அந்த ஆள். நான் டீ ஃபிளாஸ்க்கோடு போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உடம்பைத் திருத்துகிறேன் என்று அவர் கை போன இடத்தைப் பார்த்தேன். அவள் கட்டையாக நின்றதைப் பார்த்தேன். சத்தம் போடாமல் திரும்பி வந்து ஆபீசில் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் உன்னிடம் சொன்னாள். நீ புகார் கொடுத்தாய். விழாக்காரர்கள் அமைத்த விசாரணைக் குழு சாட்சி கேட்டது.

"நீ டீ எடுத்துட்டுப் போனயில்ல. என்ன பாத்தியோ அத எழுதிக் குடு."

"நான் சரியாப் பாக்கலியே."

என் மகளுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா அந்த விழாக் குழுவில் இருந்தார். அது உனக்கும் தெரியும். நீ மறுபடி கேட்கவில்லை.

சாட்சி இல்லையென்று விசாரணையை முடித்தார்கள். அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டாள். நீ விழாவை விட்டு விலகினாய். அந்த ஆள் அடுத்த வருடமும் அதே விழாவில் மாலை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நீ கேட்ட தேதியில் எந்த ஹாலும் காலியாக இருந்ததில்லை. குடோன் போயிற்று. ஒண்டிப்புதூரில் ஒரு வீட்டு மாடியில், தகரக் கூரையின் கீழ், நான்கைந்து பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய். என் மகள் கல்யாணத்துக்கு வந்தாய். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பொண்ணு நல்லாருக்குது என்று சொல்லிப் போனாய்.

வயிற்றில் கட்டி என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். போர்வைக்குள் உன் கால்கள் இருப்பதே தெரியவில்லை.

"இப்பவாச்சும் சொல்லு. பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்றே நினைத்தேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுது அம்மணி. அந்தப் புள்ளைகிட்டப் போய்ச் சொல்லு."

நீ இறந்து ஒரு வருடம் கழித்து, இன்றைக்குத்தான் அவளைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு குழந்தை. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள், எழுந்திருக்கவில்லை. பார்த்ததைச் சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்த தாளையும் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"இந்த ஆறு வரிதானுங்களா?"

"ஆமா கண்ணு."

"எங்கம்மாவே என்னைய நம்பலீங்க. டான்ஸ் அக்கா ஒருத்தருதான் நம்புனாங்க." மெஷினில் இருந்த துணியை இழுத்து நேராக்கினாள். "இத வெச்சு இப்ப நான் என்னங்க பண்ணட்டும்?"

தாளை மடித்து என் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"ஊட்டுக்காரரு வர்ற நேரமுங்க. இங்க வெச்சுக்க முடியாது. நீங்களே வெச்சிருங்க. கேக்கறப்பக் குடுங்க."

கேட்பாளா என்று தெரியவில்லை. கேட்டால் இந்த முறை கொடுத்துவிடுவேன் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். மகள் வாழ்வது இன்னும் அந்த விழாக் குழுக்காரரின் குடும்பத்தில்தான். கொடுப்பேன் என்ற சொல்லை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். அந்த ஆறு வரித் தாளைக் கிழிக்கவில்லை. இப்போதைக்கு உன்னிடம் சொல்ல அது மட்டும்தான் இருக்கிறது.